கிளட்ச் கனக்கிறதா, கால் தளர்ந்ததா: பழைய குடும்பக் காரை வயதான காலத்தில் ஓட்டுவதும் மாற்றுவதும்

பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓடிய குடும்பக் காரைப் பற்றி அதை ஓட்டுபவர் சொல்லும் குறைகளைக் கேட்டால், பாதி அவருடைய உடம்பைப் பற்றித்தான் இருக்கும். கிளட்ச் மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. ராத்திரியில் ரோடு சரியாகத் தெரிவதில்லை. இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை முன்பு போல வளைக்க முடியவில்லை. வயசாகிவிட்டது, இந்தக் காரைத் தள்ளிவிட்டு ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கார் தேய்ந்ததையும் உடம்பு தளர்ந்ததையும் ஒரே கணக்கில் எழுதுவதால் வரும் முடிவு இது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகின்றன. தினமும் ஓட்டுகிறவருக்கு எந்த நாளும் வித்தியாசம் தெரியாது. முதலில் காரின் பங்கைக் கழித்துவிட வேண்டும். மிச்சம் நிற்பதுதான் உடம்பின் பங்கு. அடுத்த காரைத் தேர்ந்தெடுப்பது அந்த மிச்சத்தை வைத்துத்தான் சரியாக இருக்கும்.

கனத்துப்போகும் பாகங்கள்

கிளட்சிலிருந்து தொடங்கலாம். பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் நிற்கும் கோணம் மாறும். அதை அழுத்தக் கூடுதல் பலம் தேவைப்படும். கேபிள் கிளட்ச் என்றால், உறைக்குள் கம்பி இழை பிரிந்து உரசவும் ஆரம்பித்திருக்கும். ரிலீஸ் பேரிங் நகரும் குழாயில் கிரீஸ் காய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு சொரசொரப்பு காலில் தெரியும். எல்லாம் சேர்ந்து பெடல் கனத்துப்போகும். முதலில் கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். சின்ன வேலை, பெரும்பாலும் அதிலேயே பாதிக் கனம் குறையும். குறையாவிட்டால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிளேட்டை மட்டும் போடச் சொல்லிக் காசு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. கூலி முழுக்க கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதில்தான் போகிறது. இறக்கிய கையோடு ஃபோர்க் பிவட்டில் கிரீஸ் வைத்து, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். புது கிளட்ச் போட்ட பிறகும் முழங்கால் வலிக்கிறது என்றால்தான் ஆட்டோமேட்டிக் பற்றி யோசிக்க வேண்டும்.

பிரேக் பெடல் கல்லாக இருந்தால் சந்தேகம், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் மேல் விழ வேண்டும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள். உள்ளே இருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். இறுகிய பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் ஒரு விரல் அளவு தானாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். அல்லது மேனிஃபோல்டிலிருந்து வரும் குழாய் வெடித்திருக்கும். இல்லையென்றால் நடுவில் உள்ள ஒருவழி வால்வு போயிருக்கும். குழாயும் வால்வும் மலிவு, அவற்றை முதலில் பாருங்கள். எதிர்க் குறையும் உண்டு: மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால், வெளியே கசிவு இல்லாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்துவிட்டது. அந்தக் காரை ஓட்டக் கூடாது.

ஸ்டீயரிங் கனத்தால் முதல் வேலை டயர் காற்றைப் பார்ப்பது. பலர் இதைத் தாண்டி, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்குக்கு நேராகப் போய்விடுகிறார்கள். காற்று சரியாக இருந்தும் கனம் குறையவில்லை என்றால், முன் சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து வந்தால் ஸ்டீயரிங் தண்டின் கீழ் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கலாம். ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங் இறுகியிருக்கலாம். பால் ஜாயின்டில் கிரீஸ் வற்றியிருக்கலாம். திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாத கார்களில் மேல் பேரிங்தான் அடிக்கடி மாட்டும்.

சீட்டை யாரும் உதிரிபாகமாக நினைப்பதில்லை. பத்து வருடத்தில் ஓட்டுநர் சீட்டின் ஃபோம் கதவுப் பக்கமாக அமுங்கிச் சரியும், ஏனென்றால் ஏறி இறங்கும்போதெல்லாம் முழு எடையும் அந்த ஓரத்தில்தான் விழுகிறது. இடுப்பு கீழே போகிறது, எழும்பக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. ஃபோமை மாற்றிக் கட்டினால் உட்காரும் உயரம் திரும்பி வரும். இரண்டு எச்சரிக்கை: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் உறையைத் தைக்கும் விதமே வேறு, அது தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்; முன்பயணி சீட்டுக்கு அடியில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் இருக்கும், அதன் மேல் கண்ட ஃபோமைத் திணிக்கக் கூடாது. சுழலும் குஷன் என்று விற்பது ஏறி இறங்க உதவும். ஆனால் வண்டி ஓடும்போது அதன் மேல் உட்கார்ந்திருந்தால், விபத்தில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். ஏறியதும் எடுத்துவிட வேண்டும். கதவு பூட்டும் வளையத்தில் செருகி ஊன்றிக்கொள்ளும் கைப்பிடி இதைவிட நல்லது.

பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் தண்டுகள் அழுத்தம் இழந்தால் கதவு தலையில் விழும். ஜோடியாக மாற்ற வேண்டும், கால் மணி நேர வேலை.

இனி வெளிச்சம். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண் இப்படி இருக்க, ஹெட்லைட்டும் மஞ்சளித்துப்போனால் ராத்திரி ஓட்டம் பயமாகத்தான் இருக்கும். பாலிகார்பனேட் கண்ணாடியின் மேல் இருக்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் உரிவதுதான் மஞ்சளுக்குக் காரணம். 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாத் தடுப்புக் கோட்டிங் அடிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழைய மஞ்சள் திரும்பிவிடும். பற்பசையைப் போட்டுத் தேய்க்கும் வித்தையும் அதே கதிதான். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு மங்கியிருந்தால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பிரயோஜனமில்லை, லைட்டையே மாற்ற வேண்டும். பல்புக்குப் போகும் மின்னழுத்தத்தையும் அளந்து பாருங்கள். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். பழைய கார்களில் எர்த் கம்பி பாடியைத் தொடும் இடம் துருப்பிடித்துத்தான் அந்த இழப்பு வருகிறது. சுரண்டி, முறுக்கி, கிரீஸ் தடவினால் சரியாகிவிடும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும், உங்கள் ரோட்டில் வெளிச்சத்தைச் சரியாகப் பரப்பவும் செய்யாது.

முன்கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவி அங்கே எண்ணெய்ப் படலமாக ஒட்டியிருக்கும். எதிர் வண்டி வெளிச்சம் பூப்போல விரிவது பலருக்குக் கண்புரையால். சிலருக்கு இந்தப் படலத்தால். துடைத்த பிறகும் விரிந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓடாத காரின் நோய்கள்

வேலைக்குப் போன காலத்தில் வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடிய கார், பிறகு 3,000 ஓடுகிறது. கையேட்டில் கிலோமீட்டரைப் பார்த்து சர்வீஸ் விட்டால் அந்தக் கார் கெட்டுப்போகும். கையேட்டில் எப்போதுமே இரண்டு எண்கள் இருக்கும்: இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது. ஓய்வுக் காலத்தில் மாதம்தான் முந்தும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சைலன்ஸர் முழுக்கச் சூடாகும் முன்பே காரை நிறுத்தினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கித் துருவாக மாறும். ஆயிலிலும் இதேதான் நடக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தால் குறுகிய ஓட்டத்தின் அடையாளம். கூலன்ட் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், சூடு ஏறிய பிறகும் கொஞ்ச தூரம் போகிற மாதிரி ஓட்ட வேண்டும். வாசலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுவது ஓட்டியதாகாது; ஆயில் போதுமான சூட்டை எட்டாது, சக்கரமும் பிரேக்கும் அசையவே இல்லை.

பேட்டரிக் கணக்கு எளிது. பூட்டி நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர் அவர். 45 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதியாகிவிடும். பாதி நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5க்குள் இருக்க வேண்டும்; அதற்குக் கீழே நின்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள், ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால், தானாக நின்று தானாகத் தொடரும் சிறிய சார்ஜரை மாட்டிவிடுவதே நல்லது.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த அளவு 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது உள்ளே ஆவிக் குமிழ் வந்து பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். நின்ற காரில் காலிப்பர் பின்கள் இறுகும், ஹேண்ட் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்தும்போது சமதளத்தில் முதல் கியரிலோ பார்க்கிலோ விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். இன்னொரு திருட்டுக் குறை பிரேக் ஹோஸில் இருக்கிறது. ரப்பர் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி ஒருவழி வால்வாகியிருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகி வந்தால் காலிப்பரை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்.

டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் வரிப்பள்ளம்) ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவது வயதானவர்களின் கார்களில்தான் அதிகம். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் ஆனதும் ஒவ்வொரு வருடமும் வெடிப்புக்காகச் சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். ரப்பர் கெட்டிப்பட்டிருப்பதால் ஈர ரோட்டில் பிடிமானம் போய்விடும். ஸ்டெப்னியின் தேதியையும் மறக்காமல் பாருங்கள், பல கார்களில் அது கார் வாங்கிய நாளில் வந்ததாகவே இருக்கும்.

டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். வருடக் கணக்கை மீறினால், கிலோமீட்டர் பாக்கி இருந்தாலும் மாற்ற வேண்டும். பெரும்பாலான இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். டென்ஷனர், ஐட்லர், பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். செயின் உள்ள இன்ஜினுக்கு இந்தத் தலைவலி குறைவு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்றால் அங்கேயும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எது காரை முடிக்கும்

ரிப்பேர்ச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரிய ஓட்டை இருக்கிறது. பழைய காரின் விலை எப்படியும் கீழேதான் கிடக்கும். கிளட்ச் ஒன்று போட்டாலே பாதி வந்துவிடும். ஒப்பிட வேண்டியது அடுத்த இரண்டு வருடத்தில் இந்தக் காருக்கு ஆகப்போகும் செலவையும், மாற்றுக் கார் அதே இரண்டு வருடத்தில் விழுங்கும் விலைச் சரிவு, காப்பீடு, வட்டி ஆகியவற்றையும்தான். அப்படிப் பார்த்தால் கழற்றி மாற்றக்கூடிய தேய்ந்த பாகங்கள் எதுவும் காரை முடிப்பதில்லை.

முடிப்பது முதலில் துரு. ஃபெண்டரில் தெரியும் துரு வெறும் அழகுக் குறை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ என்ற விளிம்பு, சப்ஃப்ரேம், சஸ்பென்ஷன் ஆர்ம் பொருந்தும் இடம், ஷாக் அப்சார்பரின் மேல் கோபுரம், ஜாக் வைக்கும் இடம் ஆகியவற்றைக் காரைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும், அரித்த தகடு பொத்தென்னும். அங்கே ஓட்டை விழுந்திருந்தால் செலவு செய்ய வேண்டாம். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகாலில் இலை அடைத்து நிற்பதும், கதவின் அடித் துளைகள் மண்ணில் மூடிக்கொள்வதும் இந்தத் துருவுக்கு முக்கியமான காரணங்கள். வருடம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் திறந்துவிட்டால் போதும்.

அடுத்தது இன்ஜினின் உள்தேய்மானம். ராத்திரி நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு ஸ்டெம் சீல்; அது சரிசெய்யக்கூடிய செலவு. ஆக்ஸிலேட்டர் அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். உறுதி செய்ய கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கசிவு. செக் இன்ஜின் விளக்கு எரிந்து ஸ்கேனரில் பி 0420 (புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரின் திறன் குறைவு) என்று வந்தால் உடனே கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்பவர்களும் உண்டு. எக்ஸாஸ்ட் கசிவையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, பாகம் கிடைக்காமல் போவது. பிரேக், பேரிங், பெல்ட் எல்லாம் ரொம்பக் காலம் கிடைக்கும், வேறு நிறுவனங்களும் செய்கின்றன. முதலில் மறைவது ஹெட்லைட், கதவு பீடிங், ஏ.சி. கன்ட்ரோல் பேனல், அந்த மாடலுக்கே உரிய எலக்ட்ரானிக் பெட்டிகள்.

நான்காவது, பாதுகாப்பு. சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் ஈ.எஸ்.சி. இல்லாத கார் சறுக்கினால் ஓட்டுநரின் கையும் காலும் மட்டுமே காப்பாற்ற வேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் அந்த வேகத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஏர்பேக் இருந்தாலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். டகாடா நிறுவனம் செய்த, ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே வெடிக்க வைத்தது. உலகம் முழுக்கப் பல கோடிக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டும், மாற்றப்படாமல் ஓடுபவை இருக்கின்றன. காரின் 17 எழுத்து அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் காருக்கு அழைப்பு பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வீட்டில் இரண்டு பழைய கார் இருந்து இரண்டும் குறைவாக ஓடினால், இரண்டுமே மேலே சொன்ன நிற்கும் நோயில் விழும். ஒன்றை விற்று மற்றதை ஓட்டுவதே இரண்டையும் பராமரிப்பதைவிட நல்ல பராமரிப்பு. வைத்துக்கொள்ள வேண்டியது விலை உயர்ந்ததை அல்ல, இடுப்பு வளையாமல் ஏறக்கூடியதை.

மிச்சத்துக்கு ஏற்ற கார்

காரின் பங்கைக் கழித்த பிறகும் கஷ்டம் நிற்கிறதென்றால் அடுத்த காரைப் பார்க்கலாம். ஷோரூமில் முதலில் மீட்டரையும் திரையையும் பார்க்காதீர்கள். கதவைத் திறந்து, வெளிப்பக்கம் திரும்பி, சீட்டின் ஓரத்தில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்து, முழங்கால் ஏறத்தாழ செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் சீட் தாழ்வு. கால் தொங்கினால் உயரம். உயரமான எஸ்.யு.வி. வசதி என்ற நம்பிக்கை இந்த ஒரு சோதனையில் பலருக்கு உடைந்துவிடும். பிறகு சில் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். அகலமான சில் மேல் காலைத் தூக்கி வைப்பதுதான் இடுப்பைப் பிடிக்கிறது. உள்ளே உட்கார்ந்தால் மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வர வேண்டும். குள்ளமானவர்களுக்கு ஸ்டீயரிங் முன்னும் பின்னும் நகராத காரில் இது கிடைக்காது. ஏ.சி., வைப்பர், கண்ணாடிப் புகைநீக்கி ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் இருக்க வேண்டும். திரைக்குள் புகுந்து தேட வேண்டியவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

கழுத்து திரும்பாதவர்களுக்குப் பின்பக்க கேமராவும் பக்கவாட்டு எச்சரிக்கையும் உதவும். ஆனால் கண்ணாடியைச் சரியாக வைத்தாலே பாதி வேலை முடியும். தலையை ஜன்னல் ஓரம் வரை சாய்த்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் சொந்தக் காரின் பக்கம் லேசாகத் தெரிந்து மறையும் வரை வெளியே திருப்புங்கள். மறுபக்கத்துக்கு, தலையைக் காரின் நடுவுக்குக் கொண்டுவந்து அதேபோல வையுங்கள். நேராக உட்கார்ந்தால் சொந்தக் கார் தெரியாது. ஒரு வாரம் விசித்திரமாக இருக்கும், மறைவிடம் பெருமளவு குறைந்துவிடும்.

ஹைபிரிட் எடுத்தால் பின்சீட் பக்கம் பேட்டரிக்குக் காற்று உறிஞ்சும் வலைத்திறப்பு இருக்கிறதா பாருங்கள். தூசியும் துணிப் பிசிறும் அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். மின்சாரக் காரில் ஆயில் வேலை இல்லை, ஆனால் 12 வோல்ட் பேட்டரி அங்கேயும் உண்டு, நின்றால் அங்கேயும் சாகும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் டிஸ்க் பயன்படாமல் துருப்பிடிக்கும். ஆக்ஸிலேட்டரின் உடனடிப் பாய்ச்சலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறுவதை எழுபத்தைந்து வரை தள்ளிப்போடாதீர்கள். அறுபதுகளில் மாறினால் கால் பழகிவிடும். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்துவது வயதான ஓட்டுநர்களிடம் அறியப்பட்ட ஆபத்து, பார்க்கிங்கில்தான் அது அதிகம் நடக்கிறது. பழக்கும்போது இடது காலை ஓரமாக ஊன்றி வைத்து, வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராகப் பதித்து, முன்பாதத்தை மட்டும் திருப்பி ஆக்ஸிலேட்டரைத் தொடும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். காலியான இடத்தில், காரைப் பின்னால் எடுத்து நிறுத்துவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அந்த நாட்களில் பழைய மேனுவல் காரை நடுநடுவே ஓட்ட வேண்டாம். இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் பிரேக்கின் மேல் விழும். புதிய கார் வந்த வாரத்திலேயே பழையதை விற்றுவிடுங்கள், அல்லது சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.